பதினோரு பக்கக் குறைகள்

"அம்மா, ஒரு பொருள் தேறுமா தேறாதான்னு பத்தொன்பது நாளாப் பாக்குறேன். தெரியலை."

மடத்துப் படியில் செருப்பைக் கழற்றும்போதே தெய்வேந்திரன் இதைச் சொல்லிவிட்டார்.

காந்திமதி அம்மா தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வீங்கிய கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாத்தூருக்கு வெளியே, வறண்டு கிடக்கும் ஆற்றின் கரையில் இரண்டு அறைகள், ஒரு சமையல் கொட்டகை. அம்மா பதினெட்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. தெய்வேந்திரனைவிட ஒன்பது வயது இளையவர். அவரிடம் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பதில் கிடைக்காது. ஆனாலும் மறுபடி வருவார்கள்.

தெய்வேந்திரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் படங்களைத் திருத்துகிற வேலை. காலண்டர், பட்டாசுப் பெட்டி, கல்யாண ஆல்பம் என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் அவர் கண்பட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகும். அந்த வட்டாரத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அதனால்தான் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நாற்பது பெண்களுக்குப் படம் திருத்தக் கற்றுக்கொடுத்து, ஸ்டுடியோக்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் வேலைக்குச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். பெரிய சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லை. சகாயமான விலையில் ஒன்று கிடைக்கிறது, புதிதாகக் கற்கிறவர்களுக்கென்றே செய்ததாம். அது தேறுமா என்று பார்த்து நீங்கள் எழுதிக் கொடுங்கள், தேறும் என்றால் வகுப்பு, இல்லையென்றால் இல்லை என்றார்கள்.

தெய்வேந்திரன் பார்த்தார். அச்சக வேலை முடிந்தபிறகு தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தார். படத்தில் தலைமுடியைச் சுற்றி வெட்டினால் ஓரம் சொரசொரப்பாக நிற்கிறது. தமிழில் எழுதினால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில். அச்சுக்கு ஏற்றபடி வண்ணம் பிரிக்க வழியில்லை. பெரிய படத்தைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. குறைகளை மட்டும் எழுதிப் பதினோரு பக்கம் வந்துவிட்டது.

கடைசி வரி மட்டும் வரவில்லை.

"தேறும்னு எழுதினா, அந்தப் பொம்பளைங்க இதைக் கத்துக்கிட்டுக் கடைக்குப் போய் நிப்பாங்க. கடைக்காரன் சிரிப்பான். தேறாதுன்னு எழுதினா, வகுப்பே கிடையாது. நாற்பது பேரும் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ திரும்பிப் போக வேண்டியதுதான்."

அம்மா தைலப் புட்டியை மூடினார்.

"யாருக்காகப் பாக்குறீங்க?"

"புதுசா கத்துக்கிறவங்களுக்காக."

"அவங்கள்ல யாராவது அதைத் தொட்டுப் பாத்தாங்களா?"

"இல்லைம்மா. நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் வாங்குவாங்க."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க நேரமானது.

"நாளைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவாங்க. நான் கத்துக்கிறேன்."

*

மறுநாள் அச்சகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு லேப்டாப்போடு வந்தார்.

அம்மா சம்மணம் போட முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மவுஸைக் கையில் வாங்கி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி ஸ்கிரீனைப் பார்த்தார். மேஜையில் வைத்துத்தான் நகர்த்த வேண்டும் என்று தெய்வேந்திரன் சொன்னார்.

ஆற்றங்கரையை எடுத்த படம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். ஓரத்தை வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கீழே மடத்தின் பெயரை எழுத வேண்டும். சின்ன வேலை.

இடப்பக்க வரிசையில் நாலாவது சின்னப் படத்தை அமுக்குங்கள் என்றார். அம்மாவின் அம்புக்குறி ஐந்தாவதுக்குப் போனது.

தெய்வேந்திரன் மவுஸை வாங்கி நாலாவதை அமுக்கிக் கொடுத்தார்.

இப்போது மூலையைப் பிடித்து இழுங்கள் என்றார். அம்மா பிடித்தது மூலை இல்லை. தெய்வேந்திரன் மவுஸை வாங்கி இழுத்துக் காட்டினார்.

அடுத்து எங்கே போவது என்று அம்மா தேடினார். மேலே, மேலே, இன்னும் வலது பக்கம் என்றார் தெய்வேந்திரன். அம்மாவின் கை வலது பக்கம் வருவதற்குள் அவருடைய கை மவுஸின் மேல் இருந்தது.

ஒன்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஓரம் நேராக இருந்தது. வெளிச்சம் அளவாக இருந்தது. கொம்பு விலகி நின்றாலும் மடத்தின் பெயர் கீழே இருந்தது.

திரும்பிப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல சாஃப்ட்வேர்தான்," என்றார் அம்மா. "நான் ஒண்ணுமே செய்யலை. எல்லாம் முடிஞ்சிருச்சு."

தெய்வேந்திரனுக்கு முகம் சுருங்கிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து, தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒருவர் தப்பான இடத்துக்குப் போவது தெரிந்தால் தன் கை தானாகப் போய்விடுகிறது என்றார். இருபத்தாறு வருஷமாகத் தப்பை மட்டுமே தேடின கண் இது, தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்தால்கூட முகம் மனதில் நிற்பதில்லை, மூக்கோரத்துக் கரும்புள்ளிதான் நிற்கிறது, அலுத்துப்போய்விட்டது என்றார்.

"தெரிஞ்சதை எப்படிம்மா தெரியாததா ஆக்குறது?"

அம்மா ஸ்டூலைவிட்டு இறங்கி, தாங்கித் தாங்கிச் சமையல் கொட்டகைப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. சமையல் வேலைக்கு ஆள் குறையுது."

ஒரு கேள்விக்கு விடை தேடி வந்து, ஒரு நாள் சம்பளமில்லாத வேலையை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொண்டே தெய்வேந்திரன் பஸ் ஏறினார். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மடத்தில் முப்பது பேருக்குச் சாப்பாடு. பத்து மணிக்கே வெயில் கொட்டகைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில் ஒரு பெண் காத்திருந்தாள். பெயர் முத்துராக்கு. ஐம்பதை நெருங்குகிற வயது. வெறும் நெற்றி. வகுப்புக்குப் பெயர் கொடுத்த நாற்பது பேரில் ஒருத்தி என்று அம்மா சொன்னார். கம்ப்யூட்டரை இதுவரை தொட்டதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் தார் ரோடு போடுகிற வேலை பார்த்தவர். இரண்டு மாதத்துக்கு முன்னால், வேலை நடந்த இடத்திலேயே ஒரு மத்தியானம் சரிந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை. தனியாக எடுத்த படம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. மகள் கல்யாணத்தில் எல்லோரோடும் சேர்ந்து நின்றதுதான் உண்டு. அது முத்துராக்குவின் போனில் இருந்தது. அவரை மட்டும் தனியாக எடுத்து, பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தெய்வேந்திரன் போனிலிருந்து படத்தை லேப்டாப்புக்கு மாற்றித் திறந்தார்.

திறந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

படத்தின் மூலையில் ஒரு மயிலிறகு. தான் திருத்துகிற ஆல்பங்களில் அவர் போடுகிற அலங்காரம் அது. சாத்தூர் ஸ்டுடியோவிலிருந்து அச்சகத்துக்கு வந்த எத்தனையோ ஆல்பங்களில் இதுவும் ஒன்று. பொண்ணு, மாப்பிள்ளை, பின்னால் நிற்கிற பதினாலு பேர், எல்லா முகமும் ஒரே மாதிரி, பாலில் மஞ்சள் கலந்ததுபோல் பளபளவென்று இருந்தது. முகத்தை வெளுப்பாக்க அவர் ஒரு அளவு வைத்திருந்தார். ஒருமுறை சொடுக்கினால் போதும், ஆல்பம் முழுக்க மாறிவிடும்.



முத்துராக்குவை ஸ்டூலில் உட்காரவைத்தார். அப்போது அம்மா ஒரு பெரிய அன்னக்கூடையில் கோதுமை மாவும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"முப்பது பேருக்குச் சப்பாத்தி. பிசைங்க."

இவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்றார் தெய்வேந்திரன்.

"வாயால சொல்லுங்க."

அம்மா உப்பைத் தூவிவிட்டுப் போய்விட்டார்.

தெய்வேந்திரன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தண்ணீரை ஊற்றிக் கையை வைத்தார். மாவு விரல் விரலாக ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது.

முத்துராக்கு மவுஸின் மேல் விரலை வைத்து, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் எடுத்தாள். மறுபடி வைத்தாள். நாலாவதை அமுக்கச் சொன்னார். அவள் ஆறாவதை அமுக்கினாள். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

தெய்வேந்திரனின் கை எழுந்தது. மாவு சொட்டியது. கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை. இடது பக்கம் வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கும் பாருங்க. அது செஞ்சதை அழிச்சிரும்."

அவள் தேடினாள். அவர் பிசைந்தார். அவள் தேடிய நேரத்தில் அவர் ஒரு முழு வேலையை முடித்திருப்பார். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். சிவப்புக் கோடு போனது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்காரரைச் சுற்றி ஒரு கட்டம் போடுவதற்குள் அவருக்குப் பதிலாக மாப்பிள்ளையின் அம்மாவை இரண்டுமுறை வெட்டி எடுத்துவிட்டாள். ஒருமுறை வீட்டுக்காரரின் காதே போனது. ஒவ்வொரு தடவையும் வளைந்த அம்பைத் தானாகவே போய் அமுக்கினாள். கடைசியில் ஸ்கிரீனில் ஒரே ஒரு ஆள் நின்றார். வெள்ளைச் சட்டை, வெளுத்த முகம், காமிராவைப் பார்க்கக் கூச்சப்படுகிற கண்.

வெட்டினது கோணலாகத்தான் இருந்தது. தோள் ஒரு பக்கம் ஏறியிருந்தது. தெய்வேந்திரன் மனதுக்குள் பன்னிரண்டாவது பக்கத்தை எழுத ஆரம்பித்தார்.

முடிந்தது, இனி சேவ் பண்ண வேண்டியதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முத்துராக்குவின் கை வேறெங்கோ போய்விட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கோட்டின் மேல் நின்றது. அதிலிருந்த புள்ளியை அவள் இடது பக்கம் நகர்த்தினாள். படம் ஒரு படி மங்கியது.

"வலது பக்கம் இழுங்க. அப்பத்தான் வெளிச்சமாகும்."

அவள் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தாள்.

"எதிர்ப்பக்கம்மா. எதிர்ப்பக்கம்."

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்கிரீனுக்கு அரை அடி தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோயிருந்தாள். புள்ளி மறுபடி இடது பக்கம் நகர்ந்தது. வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. பின்சுவர் இருண்டது.

தெய்வேந்திரன் முழங்காலில் எழுந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவு. சமையல் கொட்டகை வாசலில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் தெய்வேந்திரன் மறுபடி உட்கார்ந்தார்.

செய்வதற்கு ஒன்றுமில்லாததால் அவர் முத்துராக்குவின் முகத்தைப் பார்த்தார்.

அவள் புள்ளியை ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளினாள். நிறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தாள். இல்லை என்பதுபோல் உதட்டைச் சுழித்துக்கொண்டு மறுபடி இடது பக்கம் தள்ளினாள். அச்சகத்தில் எட்டு வருஷப் பழக்கம் உள்ள பையன்கள்கூட அந்தக் கோட்டை அவ்வளவு நுணுக்கமாக நகர்த்தி அவர் பார்த்ததில்லை.

பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள்.

"சார், இப்ப இருக்கிறது இப்படியே நிக்குமா? இல்ல, மறுபடி மாறிருமா?"

சேவ் பண்ணினால் நிற்கும் என்றார் தெய்வேந்திரன். எதை அமுக்குவது என்று சொன்னார். அவள் அமுக்கினாள்.

"ரொம்ப இருட்டாயிருச்சேம்மா. தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"இருட்டு இல்ல சார்," என்றாள் முத்துராக்கு. "அவுக நிறம்."

சட்டையும் சேர்ந்து கறுத்துவிட்டதே என்று தெய்வேந்திரன் மெதுவாகக் கேட்டார். முகத்தை மட்டும் தனியாக மாற்ற இந்த சாஃப்ட்வேரில் வழியில்லை. அது உண்மையிலேயே ஒரு குறைதான்.

"சட்டை போனாப் போகுது."

அவள் சேலைத் தலைப்பால் ஸ்கிரீனில் இருந்த ஒரு தூசியைத் துடைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். கல்யாண ஆல்பத்திலிருந்து பெரிதாக்கின படம் ஒன்று மருமகன் வீட்டில் மாட்டியிருக்கிறது. பேத்திக்கு மூன்று வயது. தாத்தா தோளைவிட்டு இறங்காத பிள்ளை. தாத்தாவைக் கும்பிடு என்று அந்தப் படத்தைக் காட்டினால், தாத்தா எங்க, இது யாரு என்று கேட்கிறது. இரண்டு மாதமாகக் கேட்கிறது.

"நாளெல்லாம் வெயில்ல தார்ப்புகையில நின்ன மனுசன் சார். எங்க தெருவுலயே அவுக நிறம் யாருக்கும் கிடையாது."

மாவு எப்போதோ திரண்டுவிட்டிருந்தது. தெய்வேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆல்பம் நான் செஞ்சதும்மா," என்றார். "முகத்தை வெளுப்பாக்கினது நான்தான்."

முத்துராக்கு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார். இல்லை. அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருந்தீக சார். நாங்க எல்லாரும் அழகா இருக்கோம்னு சந்தோசப்பட்டோம். அவுகளும் பாத்தாக. பாத்துட்டு, எம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கானே, யாரு இந்தச் செவத்த பயன்னு கேட்டுச் சிரிச்சாக."

சொல்லிவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

பந்தி முடிந்து எல்லோரும் போனபிறகு, அம்மா கொட்டகைத் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

தெய்வேந்திரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அறிக்கையில் என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னுமா கேக்குறீங்க?"

கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

திங்கட்கிழமை தெய்வேந்திரன் அறிக்கையைக் கொடுத்தார். பதினோரு பக்கக் குறைகளில் ஓர் எழுத்தையும் எடுக்கவில்லை. முகத்தை மட்டும் மாற்ற முடியாது என்பதையும் சேர்த்திருந்தார். கடைசி வரியில் 'வாங்கலாம்' என்று எழுதியிருந்தார்.

அறக்கட்டளைச் செயலாளருக்குக் குழப்பம். இத்தனை குறை எழுதிவிட்டு வாங்கலாம் என்கிறீர்களே என்று போன் செய்து கேட்டார். குறையெல்லாம் நிஜம்தான், ஆனால் தொட்டே பார்க்காத ஒருவர் அதில் தனக்கு வேண்டியதை ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடித்ததை நான் பார்த்தேன் என்றார் தெய்வேந்திரன். வகுப்புக்கு வருகிறவர்களை அவரவர் வீட்டுப் படத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். செயலாளர் குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாத்தூர் ஸ்டுடியோவிலிருந்து அடுத்த கல்யாண ஆல்பம் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் படங்கள். தெய்வேந்திரன் முதல் படத்தைத் திறந்தார். பெண்ணின் முகத்தில் அப்பியிருந்த பூச்சின் மேல் பிளாஷ் அடித்து எல்லாம் வெளிறிப்போயிருந்தது. வழக்கமான அளவைச் சொடுக்க விரல் போனது.

சொடுக்கவில்லை. ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார்.

"பொண்ணு என்ன நிறம்?"



"எப்பவும் போடுறதைப் போடுங்க சார்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் தெய்வேந்திரன். "பொண்ணு என்ன நிறம்?"